நூற்றுப் பதினான்காம் பக்கத்துப் பூங்கொடி

"நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் ஒரு பூங்கொடி இருக்கிறது. கட்டளை எதுவும் இல்லை. எனவே மதகைத் திறக்க இயலாது" என்றது மதகை இயக்கும் எந்திரமான மதகன். மூன்றாவது முறையாக, அதே பணிவான குரலில்.

கருமலையாறு அணையின் உதவிப் பொறியாளர் செண்பகவல்லி, நீர்மட்ட அளவுகோலைப் பார்த்தாள். நூற்றுப் பதினேழு அடி. அணையின் உயரம் நூற்று இருபது. மலையில் மழை யாரோ அண்டாவைக் கவிழ்த்ததுபோல் கொட்டிக்கொண்டிருந்தது. மணிக்கு ஓரடி ஏறுகிறது. மண்ணால் கட்டிய அணை. தண்ணீர் தலைக்கு மேல் வழிந்தால் வெல்லக்கட்டி மாதிரி கரைந்துபோகும். கீழே நான்கு கிலோமீட்டரில் ஆலங்கரை. நாற்பதாயிரம் பேர், காலை ஒன்பதரை மணி, இட்லி வெந்துகொண்டிருக்கும் நேரம்.

"கதவைத் தொற, நாசமாப்போற பயலே!" என்று மதகனின் இரும்பு நெற்றியில் குடைக்கம்பால் ஒரு போடு போட்டார் ஆவுடையப்பன். முப்பது வருடமாக அந்த மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் அவர். கையால் சுழற்றித் திறக்கும் சக்கரம் இருந்த காலத்தில் ஒற்றை ஆளாகத் திறந்தவர். அந்தச் சக்கரத்தை எடுத்துப் பச்சைப் பெயின்ட் அடித்து, அணைப் பூங்காவில் செல்ஃபி எடுப்பதற்காக நட்டுவைத்துவிட்டார்கள்.

அதற்குக் காரணம் ஆவண நேர்மைச் சட்டம். மனிதர்கள் பொய் சொல்வார்கள், ஆவணம் சொல்லாது என்று சட்டமன்றத்தில் மேசையைத் தட்டித் தட்டி, இரண்டு மேசைகள் உடைந்த பிறகு நிறைவேறியது. அன்றுமுதல் மாநிலத்தில் எந்த எந்திரமும் மனிதப் பேச்சை மதிப்பதில்லை. தனக்குரிய அரசுக் கையேட்டின் நடப்புப் பதிப்பைப் படிக்கும். அதில் உள்ளபடி நடக்கும். மதகனும் அப்படித்தான். ஆவுடையப்பன் அடித்த அடியை அது, நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் சொல்லப்படாத நிகழ்ச்சி என்று விட்டுவிட்டது.

அந்தப் பக்கத்துக்குப் பூங்கொடி எப்படி வந்தது? அதுதான் இந்த மாநிலத்தின் மூளைக்குச் சான்று.

மற்ற ஊர்களில் ஆட்சி மாறினால் அமைச்சர்கள் மாறுவார்கள். இங்கே நூலாக்கியும் மாறும். நூலாக்கி என்பது ஆவணங்களைப் பக்கம் பக்கமாக அமைத்து வெளியிடும் செயலி. ஒரு தரப்பாருடையது வாகை. மற்றத் தரப்பாருடையது தும்பை. ஒன்றில் செய்ததை மற்றதில் திறப்பது கட்சித் துரோகம். ஆகவே ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் தொண்ணூறு கோடிப் பக்கங்களை இதிலிருந்து அதற்கு மாற்றுவார்கள். மாற்றும்போது, பக்கங்களில் பதித்திருந்த படங்கள் எல்லாம் வழியில் விழுந்துவிடும். படம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் கட்டமும் நடுவில் ஒரு பெருக்கல் குறியும் நிற்கும். பாடநூலில் யானை இருந்த இடத்திலும் அதே கட்டம்தான். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் யானை என்றால் சதுரமாக, சாம்பல் நிறத்தில், வயிற்றில் பெருக்கல் குறியோடு இருக்கும் என்று நம்பி வளர்ந்து, உயிரியல் பூங்காவில் உண்மையான யானையைப் பார்த்ததும் "இது போலி" என்று கல்லெறிந்தார்கள்.

இந்த அவமானத்தைத் துடைக்கவே முனைவர் கார்மேகவண்ணன் பெயர்ப்பியைக் கண்டுபிடித்தார். தத்துவம் எளிது. படத்தைச் சுமந்து போனால்தானே விழும்? சுமக்காதே. பெயர்ப்பி படத்தைப் பார்க்கும். "யானை, நிற்கிறது, துதிக்கை மேலே" என்று குறிப்பு எழுதிக்கொள்ளும். படத்தைத் தூக்கிப் போட்டுவிடும். அடுத்த நூலாக்கிக்குப் போய், குறிப்பை வைத்துக்கொண்டு புதிதாக ஒரு யானை வரைந்துவிடும். பழையதைவிடக் கொழுத்த யானை. அடையாள அட்டைகளில் வழுக்கைகள் முடியோடு திரும்பி வந்தன. மாநிலமே சொக்கிப்போனது. ஆவணப் பெயர்ப்பு ஆணையம் என்று ஒன்றை உருவாக்கி, கார்மேகவண்ணனை ஆணையர் ஆக்கினார்கள். அவருடைய முதல் உத்தரவு, மாநிலத்தின் ஒவ்வோர் ஆவணத்திலும் முதல் பக்கத்தில் தம் புன்னகைப் படம் இருக்கவேண்டும் என்பது.

அந்த மேதைக்குத் தெரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். அவர் வாழ்நாளில் ஓர் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து தமிழில் ஒரு பக்கம் தட்டச்சு செய்ததில்லை.

செய்தவர்களுக்குத் தெரியும். நூலாக்கி மாறும்போது படம் விழும் என்றால், தமிழ் எழுத்து சிதறும். கொம்பு ஓரிடத்தில் நிற்கும், கால் அடுத்த வரிக்கு ஓடும், புள்ளிகள் பக்கத்தின் அடியில் எள்ளாகக் கொட்டிக் கிடக்கும். அதனால் மூன்று தலைமுறைத் தட்டச்சர்கள் ஒரு தந்திரத்தைச் சாமி கும்பிடுவதுபோல் தவறாமல் செய்துவந்தார்கள். பக்கத்தைத் தட்டச்சு செய். அதைப் படம் பிடி. எழுத்தை அழித்துவிட்டு, அந்தப் படத்தைப் பக்கத்தில் ஒட்டு. விழுந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். சிதறினால் பொறுக்க முடியாது. இப்படியாக அரசாங்கத்தின் கையேடுகளில் பத்துக்கு ஒன்பது பக்கம், எழுத்தைப்போல் தோன்றும் படம்.

பெயர்ப்பி வந்து பார்த்தது. யானை இல்லை. மனிதர் இல்லை. மரம் இல்லை. குறிப்பு எழுதியது: "கறுப்பு நிறச் சிறு வளைவுகள், வரிசை வரிசையாக. அழகுக்கு வைத்தவை." அடுத்த நூலாக்கிக்குப் போய், இன்னும் அழகாக ஒரு பூங்கொடி வரைந்துவிட்டது.

ஆட்சி மாறி இரண்டு மாதமாகிறது. யாரும் கவனிக்கவில்லை. கையேட்டை மனிதர்கள் படித்தால்தானே கவனிப்பதற்கு? அங்கங்கே மின்தூக்கிகள் நடுவழியில் நின்று ஆட்களை மூன்று நாள் உள்ளே வைத்திருந்தன. "சிறு தொழில்நுட்பக் கோளாறு" என்று அறிக்கை விட்டார்கள், அவ்வளவுதான்.

செண்பகவல்லி ஆணையருக்கே தொலைபேசினாள். அதிசயமாக அவரே எடுத்தார்.

"பூங்கொடி நல்லாத்தானேம்மா இருக்கு? இப்பதான் திறந்து பாத்தேன். இலையில பனித்துளிகூட வெச்சிருக்கு."

"சார், மதகு திறக்கிற விதி அந்தப் பக்கத்துலதான் இருந்துச்சு."

"பெயர்ப்பி தப்பு பண்ணாது. மூலத்துலேயே கொடிதான் இருந்திருக்கும்."

"அணைக் கையேட்டுல எதுக்கு சார் கொடி போடுவாங்க?"

"அந்தக் காலத்து ஆளுங்களுக்கு ரசனை இருந்திருக்கு."

"மூலத்தை ஒரு தடவ எடுத்துப் பாருங்களேன். கெஞ்சிக் கேக்கேன்."

"மூலமா? அதைத்தான் அன்னன்னைக்கே அழிச்சிடறோமே! ரெண்டையும் வெச்சிருந்தா எது மூலம்னு ஜனங்க குழம்பிடுவாங்கம்மா." அவர் குரலில் தகப்பன் கனிவு வழிந்தது. "சரி, உனக்காக ஒண்ணு பண்றேன். மறுபெயர்ப்புக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன். பாரு."

பக்கம் வாகையிலிருந்து தும்பைக்குப் போய், மறுபடி வாகைக்குத் திரும்பி வந்தது. கொடியில் இப்போது திராட்சைக் குலைகள் தொங்கின. இரண்டு பக்கமும் இரண்டு மயில்கள்.

"அடடா, அடடா! அந்தக் கழுத்து நீலத்தப் பாத்தியா?" என்றார் ஆணையர்.

நீர்மட்டம் நூற்றுப் பதினெட்டு.

"சார், அந்த விதி எனக்கு மனப்பாடம். எழுத்தாவே அடிச்சுச் சேத்துரட்டுமா?"

"எழுத்துத் திருத்தமா!" ஆணையர் அதிர்ந்துபோனார். "அது சட்டம்மா. குழு கூடணும். நாப்பத்தஞ்சு நாள் ஆகும். படத் திருத்தம்னா பரவாயில்ல, அது வெறும் அலங்காரம். பக்கத்துக்கு ஒரு தடவ உதவிப் பொறியாளரே பண்ணிக்கலாம். எழுத்துல மட்டும் கை வெச்சிடாத." தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஊருக்கு அபாயச் சங்கு ஊதலாம் என்றால், சங்கெந்திரத்தின் கையேட்டில் தாமரைக்குளம் மலர்ந்திருந்தது. அவளே ஆலங்கரைக்குத் தொலைபேசி, "எல்லாரும் மேட்டுக்குப் போங்க, அணை நிறைஞ்சிருச்சு" என்று கத்தினாள். அதில் பாதிதான் ஊருக்குள் பரவியது. அணை நிறைந்துவிட்டதாம்! ஓடவேண்டிய ஜனம் பிள்ளைகுட்டிகளோடு, பொரித்த அப்பளத்தோடு, வண்டி வண்டியாக அணைக்கு வேடிக்கை பார்க்க வந்து இறங்கியது.

செண்பகவல்லி ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு சடாரென்று திறந்தாள்.

"அண்ணாச்சி, படம் வரைவீயளா?"

"நானா? நான் மாடு வரைஞ்சா நாய் மாதிரி இருக்கும். நாய் வரைஞ்சா ஒண்ணுமாதிரியும் இருக்காது."

"போதும். மதகு தொறந்து தண்ணி பாயுத மாதிரி ஒரு படம். எழுத்தத் தொடக்கூடாது, படத்தத் தொடலாம்னு அந்த மகராசனே சொல்லிட்டாரு. நம்ம ஆபீஸ்ல இன்னும் பழைய தும்பைதான் கெடக்கு. அதுல ஒட்டி அனுப்புனா பெயர்ப்பி பாத்துக் குறிப்பெழுதி, மதகன் படிக்கிற வாகையில வரைஞ்சிரும். மதகு தொறந்திருக்கதப் பாத்தா இந்தச் சனியனும் தொறக்கும்லா?"

மழைப் பதிவேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அதன் முதுகில் ஆவுடையப்பன் வரைந்தார். இரண்டு தூண். மேலே தூக்கிய ஒரு கதவு. கீழே கோழி கிளறியதுபோல் தண்ணீர். ஓரத்தில் ஈர்க்குச்சி மனிதன் ஒருவன், ஒரு கையைத் தூக்கிக்கொண்டு.

"இது யாரு?"

"நாந்தான். தொறந்துட்டேன்னு கை காட்டுதேன்."

படம் போனது. பன்னிரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தது. இருவரும் திரையைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

அணை இருந்தது. திறந்த மதகு இருந்தது. பாலாய்ப் பொங்கும் நீர் இருந்தது. ஆனால் பெயர்ப்பி படம் வரையக் கற்றது நூறு வருட அரசாங்கப் படங்களிலிருந்து. அந்த நூறு வருடத்தில் ஒரு மதகும் ஒரு லஸ்கரால் திறக்கப்பட்டதில்லை. படத்தில் அப்படி இல்லவே இல்லை. ஆகவே ஈர்க்குச்சி மனிதன் நின்ற இடத்தில், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை, கனத்த தொந்தியோடு ஒரு பெரிய மனிதர் நின்றார். இடது கையில் பூத்தட்டு. வலது கை தண்ணீரில் பூ தூவுகிறது. முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பு. அவருக்குப் பின்னால் பதினோரு பேர், ஒரே கோணத்தில் குனிந்து, கைகூப்பி.

"மேடம், என்னிய எங்க?"

"அந்த ஆளுதான் நீங்க."

"எனக்கு இம்புட்டுத் தொந்தியா?"

மதகன் தொண்டையைச் செருமியது. "நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் கட்டளை கிடைத்தது. படத்தில் உள்ளவர் படத்தில் உள்ளபடி பூ தூவும்போது மதகு திறந்திருக்கும். ஒப்புமை எத்தனை விழுக்காடோ, திறப்பும் அத்தனை விழுக்காடு."

நீர்மட்டம் நூற்றுப் பத்தொன்பது.

அதற்குப் பிறகு நடந்ததை ஆலங்கரை இன்றும் வெட்கமில்லாமல் பெருமையாகப் பேசுகிறது. வேடிக்கை பார்க்க வந்த ஒரு மளிகைக்கடைக்காரரின் வெள்ளை வேட்டியை உருவி, அவருக்குத் துண்டைக் கொடுத்தார்கள். வயிற்றில் இரண்டு போர்வையைச் சுற்றி ஆவுடையப்பனுக்குத் தொந்தி ஏற்றினார்கள். கறுப்பு மீசையில் சுண்ணாம்பு. பூங்காவிலிருந்த காகிதப்பூவை வேரோடு பிடுங்கி, அவருடைய சாப்பாட்டுத் தட்டில் கொட்டினார்கள். கூட்டத்திலிருந்து பதினோரு பேரைப் பிடித்து வரிசையாக நிறுத்தினாள் செண்பகவல்லி.

"கும்புடுங்க!"

"கும்புட்டா போட்டோ எப்பிடி எடுக்க?" என்றான் ஒருவன்.

"கும்புடலேன்னா ஒம் வீட்டு மாடியில மீன் புடிக்கலாம்."

கும்பிட்டான். ஆவுடையப்பன் பல்லைக் காட்டிக்கொண்டு பூவைத் தூவினார். மதகுக் கதவு முனகியது, நடுங்கியது, உயர்ந்தது.

"ஒப்புமை நாற்பத்து நான்கு விழுக்காடு" என்று அறிவித்தது மதகன். கதவும் சரியாக நாற்பத்து நான்கு விழுக்காட்டில் நின்றது.

கூட்டம் விசிலடித்தது. செண்பகவல்லி அளவுகோலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏற்றம் மெதுவாகியிருந்தது, நிற்கவில்லை. நூற்றுப் பத்தொன்பதே கால். மூன்றாவது போர்வையைக் கட்டினார்கள். அரை விழுக்காடு கூடியது. மளிகைக்கடைக்காரரை நிறுத்திப் பார்த்தார்கள். தொந்தி சொந்தத் தொந்திதான், ஆனால் முகம் ஒத்துவராமல் முப்பத்தொன்பதுக்கு இறங்கியது. மறுபடி ஆவுடையப்பன். நூற்றுப் பத்தொன்பதரை.

அப்போதுதான் வான்வண்டி ஒன்று வந்து அணைமேல் இறங்கியது. கூட்டத்தில் யாரோ அனுப்பிய படம் மாநிலமெங்கும் ஓடியிருந்தது: "பெயர்ப்பி வரைந்த படத்தால் திறந்த மதகு!" பாராட்டைத் தம் கையால் வாங்கிக்கொள்ள, நான்கு நிழற்படக்காரர்களோடு ஆணையரே புறப்பட்டு வந்துவிட்டார். வண்டியின் கதவு திறந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை. முதலில் தொந்தியும், அப்புறம் அவரும் இறங்கினார்கள்.

ஆவுடையப்பன் தட்டை நழுவவிடப் பார்த்தார். "மேடம்! படத்துல உள்ள ஆளு!"

இருக்காதா பின்னே? மாநிலத்தின் ஒவ்வோர் ஆவணத்திலும் முதல் பக்கத்தில் அந்த முகம். மனிதர்கள் அதைப் பார்க்காமலே புரட்டிவிடுவார்கள். தொண்ணூறு கோடிப் பக்கத்தில் வேறெந்த முகத்தையும்விட அதிகமாக அதைப் பார்த்த பெயர்ப்பிக்கு, பெரிய மனிதர் என்றாலே அந்த முகம்தான்.

"நான் அப்பவே சொன்னேனாம்மா இல்லியா?" என்று செண்பகவல்லியின் தோளைத் தட்டிவிட்டு, நிழற்படக்காரர்கள் பக்கம் திரும்பினார் கார்மேகவண்ணன். "எழுத்து வேணாம், படம் போதும். பெயர்ப்பியோட தத்துவமே அதான். அந்தத் தட்டை இப்படிக் குடுப்பா."

ஆவுடையப்பன் கொடுத்தார். ஆணையர் சிரித்தார். பூவை அள்ளி வீசினார்.

"ஒப்புமை தொண்ணூற்றொன்பது விழுக்காடு" என்றது மதகன். முதல்முறையாக அதன் குரலில் பக்தி தெரிந்தது.

கதவு உச்சிக்கு எகிறியது. ஆயிரம் யானை ஒன்றாய்ப் பிளிறியதுபோல் தண்ணீர் பாய்ந்தது. உண்மையான யானைகள். அளவுகோலில் நூற்றுப் பத்தொன்பதரை நின்றது. அரை விரற்கடை இறங்கியது. செண்பகவல்லி அன்று காலையிலிருந்து முதல்முறையாக முழு மூச்சு விட்டாள்.

படம் எடுத்து முடிந்தது. ஆணையர் தட்டை ஆவுடையப்பனிடம் நீட்டினார். கதவு இடிமாதிரி கீழே விழுந்து நாற்பத்து நான்கில் நின்றது. அணையே குலுங்கியது. அளவுகோல் மறுபடி மேலே.

"என்னாச்சு?"

செண்பகவல்லி சொன்னாள். பக்கம், படம், விழுக்காடு, நாற்பதாயிரம் பேர், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி, தட்டை எடுத்து அவர் இடது கையில் திரும்ப வைத்தாள். கூட்டம் மொத்தமும் அவரைப் பார்த்தது. நிழற்படக்கருவிகள் நான்கும் பார்த்தன. ஆணையர் பூவை அள்ளினார். கதவு எழுந்தது.

"எவ்வளவு நேரம்மா?"

"மழை விட்டு, நூத்திப் பத்துக்கு எறங்கணும் சார். நாளை மத்தியானம் ஆயிரும்."

"நாளைக்கா! உடனே படத்தை மாத்து!"

"மாத்திரலாம் சார். ஒரு தடவ நானே மாத்திட்டேன். அதே பக்கத்துல ரெண்டாந்தடவைக்கு உங்க கையெழுத்து வேணும்."

"கொண்டா, போடறேன்."

"வலது கையில பூ இருக்கே. நிறுத்துனா கதவு விழும். இடது கையில தட்டு."

"அப்போ... அந்த விதியை எழுத்தாவே அடிச்சுச் சேத்துரு. நான் சொல்றேன்!"

"எழுத்துத் திருத்தமா சார்?" என்றாள் செண்பகவல்லி. "குழு கூடணும். நாப்பத்தஞ்சு நாள்."

ஆணையர் எதுவோ சொல்ல வாயெடுத்து, பின்னால் திரும்பினார். ஒப்புமை குறைந்து கதவு நான்கு அடி சரிந்தது. வெலவெலத்து முன்னால் திரும்பினார். நிழற்படக்காரர்கள் கருவி நனைகிறது என்று சொல்லி வான்வண்டிக்குள் ஏறிக்கொண்டார்கள். மளிகைக்கடைக்காரர் பூங்காவில் மிச்சமிருந்த காகிதப்பூவைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து தட்டில் கொட்ட ஆரம்பித்தார். கும்பிட்டு நின்ற பதினோரு பேரும் கால் வலித்தால் ஆள் மாற்றிக்கொண்டார்கள். பின்னால் நிற்பவர் யாராக இருந்தாலும் பெயர்ப்பிக்கு ஒன்றுதான், ஒரே முகத்தைத்தான் பதினோரு தரம் வரைந்திருந்தது.

மழை இப்போது அணைக்கே வந்துவிட்டது. வெள்ளைச் சட்டை தொந்தியில் ஒட்டிக்கொண்டது. மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"குடை... யாராவது ஒரு குடை பிடிங்கய்யா!"

"படத்துல குடை இல்லையே சார்" என்றாள் செண்பகவல்லி, உண்மையான வருத்தத்தோடு.

அதைக் கேட்டதும் கார்மேகவண்ணனின் முகம் சுருங்கியது. உதடு பிதுங்கியது. மதகு கிறீச்சிட்டது.

ஆவுடையப்பன் வயிற்றிலிருந்த போர்வைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பிழிந்துகொண்டே, அண்ணாந்து கதவைப் பார்த்தார்.

"சிரிங்க ஐயா" என்றார். "மதகு எறங்குது."